ஏகாதசியில் வடித்த கஞ்சி

திருப்பதி
4 நவம்பர் 2024, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி மாதவிக்கு வஸுமதி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

ஜூலை 31, புதன்கிழமை, சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு நம் ஆத்தில் இருந்தவர்கள்: உன் மாமனார், ஹாலில் நாற்காலியில். என் பிள்ளை யதிராஜ், சமையலறையில். நீ, சமையலறையில். பாத்திரம் தேய்க்கும் பாப்பாத்தி, கொல்லைக் குழாயடியில். நான், பெருமாள் உள்ளில் விளக்கின் முன்னால். பெருமாளையும் சேர்த்தால் ஆறு பேர். இதற்கு ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உன் மனுவில் ‘புகுந்த வீட்டார் அனைவரும் இருந்தனர்’ என்று போட்டிருப்பதாக யதிராஜ் படித்துச் சொன்னான். அப்படிப் பொத்தாம் பொதுவாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. யார் எங்கே இருந்தார்கள் என்று எழுத வேண்டும். நான் பெருமாள் உள்ளில் பாராயணத்தில் இருந்தேன். சமையலறையில் நடந்தது எதுவும் என் காதில் விழவில்லை. எனக்கு இடது காது கேட்காது என்பது நீ இந்த ஆத்துக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொண்ட விஷயம்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நோட்டீஸ் நவராத்திரியில் வந்தது. கொலுவுக்குப் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கான்ஸ்டபிள் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பொம்மைகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு யதிராஜ் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் அவருக்கும் சுண்டல் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? பதினான்கு பேரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்கள்.

போன வாரம் வக்கீல் கொண்டு வந்த ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம், எல்லாம் தெலுங்கில். நான் அன்று ஆத்தில் இருந்தேன் என்பதற்குத்தான் என்றான் யதிராஜ். இருந்தது நிஜம்தானே, போட்டேன். நீ மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டால் இந்தப் பேப்பருக்கும் வேலை இல்லை.

இன்னொன்று. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நீ போன நாளிலிருந்து சாயங்காலப் பாராயணம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், மனப்பாடம். அந்த இடம் வந்தால் நாக்கு எழும்புவதில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதிலைப் பாப்பாத்தி வீட்டு விலாசத்துக்குப் போடு. என் கைபேசி யதிராஜிடம் இருக்கிறது.

வஸுமதி


சித்தூர்
7 நவம்பர் 2024

அம்மாவுக்கு மாதவி எழுதுவது.

‘சேவித்து எழுதுவது’ என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இப்போது அந்த வார்த்தை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெருமாளையும் எண்ணியிருக்கிறீர்கள். அவருக்கும் ஒரு சம்மன் அனுப்ப முடியுமா என்று என் வக்கீல் ஸ்ரீதேவியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ‘உங்க மாமியார் நியாயமா சாட்சி சொன்னாலே போதும்’ என்றார்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரின் நகல் எங்களுக்கும் வந்திருக்கிறது. நீங்கள் அன்று இருந்தீர்கள் என்பது அதில் ஒரு வரி. மீதியை நான் எழுதப் போவதில்லை. நீங்களே படியுங்கள். தமிழை யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டவர் நீங்கள். எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

காதில் விழவில்லை என்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். நான் தோசைக்கல்லில் கோதுமை அடை தட்டிக்கொண்டிருந்தேன். சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டு விண்ணப்பித்திருந்ததை உங்கள் பிள்ளை என் கைபேசியில் பார்த்துவிட்டார். என் இடது கையைப் பிடித்துக் கல்லில் வைத்தார். வைத்து அழுத்திக்கொண்டு, மெதுவான குரலில், ‘யாரைக் கேட்டு?’ என்றார். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வார்த்தை. நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டேன். என் அம்மாவை இல்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. உங்களைத்தான் கூப்பிட்டேன்.

அப்போது மணி அடித்தது.

அம்மா, நம் ஆத்தில் அந்த மணியை அப்பா மட்டும்தான் தொடுவார், காலையில், பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணும்போது. பெண்கள் எடுக்கிற வழக்கம் இல்லை என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அது சாயங்காலம். அப்பா ஹாலில் இருந்தார். மணியை எடுத்தது நீங்கள். நான் கூப்பிடக் கூப்பிட அடித்தீர்கள். அதனால்தான் எனக்குத் தெரிந்தது, உங்கள் காதில் விழுந்துவிட்டது என்று.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பீரியடுக்கும் மணி அடிக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பதினோரு தடவை என் இடது கை தானாக மூடிக்கொள்கிறது. பிள்ளைகள் பார்க்காமல் இருக்க அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொள்கிறேன்.

வாபஸ் வாங்க மாட்டேன்.

மாதவி


திருப்பதி
18 நவம்பர் 2024

சௌபாக்கியவதி மாதவிக்கு ஆசீர்வாதம்.

படித்துவிட்டேன். எட்டு நாள் ஆனது.

தெலுங்கு பேச வருமே தவிர எழுத்து எனக்குப் பஸ் பலகை அளவுக்குத்தான் தெரியும். பஸ் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு அரைப் பக்கமாகப் படித்தேன். பேப்பர் யதிராஜின் மேஜையில் இருந்தது. அவன் காலேஜ் வேலைக்குக் கிளம்பியதும் எடுத்து, வருவதற்குள் வைத்துவிடுவேன். புரியாத எழுத்தைக் கையில் எழுதிக்கொண்டு பாப்பாத்தியைக் கேட்டேன். அவள் ஏர்பேட்டில் மூன்றாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளியில் படித்தவள். ‘இன்னா மாமி, இந்த வயசுல பரீட்சைக்குப் போறியா?’ என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. அன்னம், கஞ்சி இரண்டும் தெலுங்கிலும் அதே வார்த்தைகள்தாம், அதனால் தடுமாறாமல் படித்துவிட்டேன். ஜூலை 31 அன்று மாலை மருமகள் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டாள், அதை நான் என் கண்ணால் பார்த்தேன், நானே மருந்து போட்டேன் என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

மாதவி, அன்று ஏகாதசி.

என் தளிகைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தினமும் திதி, என்ன தளிகை, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதி வைப்பேனே, அதுதான். ‘ஜூலை 31, ஆடி, கிருஷ்ண பட்ச ஏகாதசி. அரிசி இல்லை. கோதுமை ரவை உப்புமா, கோதுமை அடை’ என்று இருக்கிறது. இந்த ஆத்தில் நான் காலை வைத்த நாளிலிருந்து ஏகாதசியில் அரிசி அடுப்பேறியது கிடையாது. வெண்கலப் பானையைத் தசமி இரவே கவிழ்த்து வைத்துவிடுவேன். எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட ஏகாதசியன்று கஞ்சி குடிக்கவில்லை. அப்படிப்பட்டவள் ஏகாதசியில் கஞ்சி வடித்தோம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று நாளாகப் பெருமாள் உள்ளுக்குள் காலை வைக்கக் கூசுகிறது.

வக்கீலுக்கு இதெல்லாம் தெரியாது. யதிராஜுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளை.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்த இடத்தை மட்டும் திருத்தச் சொல்லி அவனிடம் கேட்கப் போகிறேன். சோறு, கஞ்சி என்று இருப்பதை எடுத்துவிட்டுக் கோதுமை அடை என்று போடட்டும். புத்தகத்தையும் காட்டுவேன். சாட்சி இருக்கும்போது அவன் மறுக்க முடியாது.

மணியைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியவில்லை.

வஸுமதி


சித்தூர்
22 நவம்பர் 2024

அம்மா,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். அவரிடம் கேட்காதீர்கள். புத்தகத்தைக் காட்டவே காட்டாதீர்கள். அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், பாப்பாத்தியிடம் கொடுத்தாலும் சரி.

உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. இப்போது இருப்பது இடைக்கால உத்தரவு. அவர் என் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது. அது இருக்கும்போதே ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தினால் அவராக இருக்குமோ என்று நான் கடைக்குள் நுழைந்துவிடுகிறேன். வேண்டாத பிஸ்கட் பாக்கெட்டுகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. டிசம்பர் 12, வியாழக்கிழமை அடுத்த வாய்தா. உத்தரவு நீடிக்கிறதா, ரத்தாகிறதா என்பது அன்று தெரியும். ‘சொந்த மாமியாரே கஞ்சி கொட்டியதைப் பார்த்தேன் என்கிறார், அப்புறம் எதற்கு உத்தரவு?’ என்பதுதான் அவர்கள் வக்கீலின் வாதம் முழுவதும். ரத்தானால் அவர் அன்று சாயங்காலமே வந்து நிற்பார். மெதுவாகத்தான் பேசுவார். ‘யாரைக் கேட்டு?’ என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அரிசி, சோறு, கஞ்சி என்று பத்து இடத்தில் வருகிறது. என் கை, அந்தப் பேப்பரில் இருப்பதைச் சொன்ன இடம் தவிர, ஒரு இடத்தில்கூட வரவில்லை. கோதுமை அடை என்று திருத்திவிட்டால் அந்தப் பேப்பர் சரியாகிவிடுமா அம்மா? அடை தட்டும்போது நானே கல்லில் கையை வைத்துக்கொண்டேன் என்று ஆகும். ஏகாதசிக்குப் பங்கம் இல்லாத பொய்.

அன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று உங்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? அதை மட்டும் எனக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

மாதவி


திருப்பதி
1 டிசம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை

மாதவிக்கு,

உன் கடிதம் 25ஆம் தேதி பாப்பாத்திக்கு வந்தது. நான் யதிராஜிடம் கேட்டது 24ஆம் தேதி. ஒரு நாள்.

காலையில் அவன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். ஏகாதசி, பார், அரிசி கிடையாது, அந்த வரியை மாற்றச் சொல் என்றேன். அவன் முதலில் சிரித்தான். ‘உப்புமாவுக்கெல்லாம் சரித்திரம் எழுதி வெச்சிருக்கியேம்மா’ என்றான். பிறகு பக்கத்தைத் திரும்பப் படித்தான். சிரிப்பு நின்றது. அந்த நாளின் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். நீ கேட்டாயே, அந்த வரி. ‘மூவர் சாப்பிட்டோம். மாதவி சாப்பிடவில்லை.’

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்கிறேன், பார். எனக்குத் தெரிந்திருக்கிறது.

புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவசரமே படாமல் நாலு நாலு பக்கமாகக் கிழித்து அதில் போட்டான். நான் தடுக்கவில்லை. தடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, ‘கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே மாத்திச் சொன்னா பொய் சத்தியம் பண்ணினேன்னு உன்னைத்தான் உள்ளே வெப்பா. தெரிஞ்சுக்கோ’ என்றான். மெதுவாகத்தான் சொன்னான். நீ எழுதியிருந்த அதே குரல். அந்தக் குரலை எனக்கு அவன் பிறப்பதற்கு முன்பே தெரியும்.

இனி மணியைப் பற்றி.

இந்த ஆத்தில் பெண்கள் மணியை எடுக்கிற வழக்கம் இல்லை என்று உனக்குச் சொன்னேன். என் காலத்தில் ஒரு தடவை எடுத்திருக்கிறார்கள். 1988, கார்த்திகை மாதம், யதிராஜ் என் வயிற்றில் நான்கு மாதம். உன் மாமனார் என்னைக் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்தார். எதற்கு என்பது இப்போது எதற்கு? நான் விழுந்த இடத்திலிருந்து ‘அம்மா’ என்று என் மாமியாரைக் கூப்பிட்டேன். அவர் பெருமாள் உள்ளில் இருந்தார். மணி அடித்தது. என் இடது காதில் கடைசியாக விழுந்த சத்தம் அதுதான். காதில் கட்டி வந்து கேட்காமல் போயிற்று என்று டாக்டரிடம் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன்.

ஜூலை 31 அன்று நீ கூப்பிட்டதும் என் கை தானாகப் போய் மணியை எடுத்தது. பக்கத்திலிருந்து வேறு யாரோ எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். உன் மாமனார் எழுந்தார், உன்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பாராயணம் நின்று போகிறது என்று எழுதினேனே, அந்த இடத்தில்தான் நீ கூப்பிட்டாய். இப்போது அங்கே வந்ததும், நான் வாயை மூடினாலும், என் கேட்காத காதில் ஒரு பெண் கூப்பிடுகிறாள். நீயா, நானா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பாப்பாத்தியிடம் அன்று என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ‘நான் ஒண்ணும் பாக்கல மாமி. கொழாயாண்ட தேச்சிக்கினு இருந்தேன். ஆனா மூக்கு இருக்குதே, அதுக்கு இன்னா பண்றது? அன்னிக்கு வந்த நாத்தம் இன்னும் போவல. ஊட்டுக்குப் போயி நான் ஒண்ணும் துன்னல’ என்றாள். அவள் புத்தகம் எழுதுகிறவள் இல்லை. அவளும் அன்று சாப்பிடவில்லை. இப்போதுதான் எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்தபோது கோபம் வந்தது. அரிசியைத்தான் எண்ணினீர்கள், கையை எண்ணவில்லை என்று ஒரு மருமகள் எனக்கு எழுதுவதா என்று. பிறகு சமையலறைக்குப் போனேன். அந்தத் தோசைக்கல்லைப் பரணில் போட்டுவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. ஏணி வைத்து எடுத்து இறக்கினேன். அடுப்பில் வைத்துக் காயவிட்டு, அதன்மேல் என் கையைக் கொண்டு போனேன். தொடவில்லை. நாலு விரற்கடை மேலேயே என்னால் மூன்று வரைதான் எண்ண முடிந்தது. அன்று மணி எத்தனை தடவை அடித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எண்ணாமல் செய்த காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

புத்தகம் இருந்திருந்தால் அதைப் பாப்பாத்தி கையில் கொடுத்து அனுப்பிவிட்டு நான் ஆத்திலேயே இருந்திருப்பேன். அதுதான் என் எண்ணமாகவும் இருந்தது. இப்போது அனுப்ப ஒன்றும் இல்லை. அதனால் நான் வருகிறேன்.

டிசம்பர் 12 துவாதசி. அகத்திக்கீரையும் நெல்லிமுள்ளியும் வைத்துக் காலையிலேயே விரதம் முடிக்கும் பாரணையைச் செய்துவிட்டு, ஏழு மணிச் சித்தூர் பஸ்ஸில் ஏறுவேன். பஸ் பலகையை நானே படிப்பேன். பாப்பாத்தியும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். உன் வக்கீல் ஸ்ரீதேவியிடம் சொல்லி வை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், படித்தபோது பொய் என்று தெரிந்தது, உள்ளே வைப்பதானால் வைக்கட்டும். யார் எங்கே இருந்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள், யார் மணி அடித்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். உன் மாமனாரிடம் நேற்றுச் சொன்னேன். ‘போனா திரும்பி வராதே’ என்றார். சரி என்றேன். திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் நீ சொல்ல வேண்டும். கோர்ட்டில் கூப்பிடும் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். நான் உன் இடது பக்கத்தில் உட்கார்ந்தால் என் கேட்கிற காது உன் பக்கமாக இருக்கும். ஆனால் அது உன் சுட்ட கை இருக்கிற பக்கம். அந்தக் கைக்குப் பக்கத்தில் நான் உட்காரலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன், சாட்சி மாறாது.

இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

வஸுமதி